வாங்கியது இரண்டு, இப்போது பதினான்கு: வளர்ப்பு எலி எதிர்பாராமல் குட்டி போட்டால்

"ரெண்டும் பொட்டைதான், சண்டையே போடாது" என்று சொல்லித்தான் வெள்ளை எலியை விற்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று ஆண். அப்படியில்லாமல் இரண்டும் பெண்ணாகவே இருந்தாலும், கடையில் இருபது எலி ஒரே கூண்டில் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். வரும்போதே சினையாக வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கூண்டு மூலையில் சிவப்பாக ஏதோ நெளியும்.

பதற்றம் வேண்டாம். தாய் நன்றாக இருந்தால் முக்கால்வாசி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். உங்கள் பங்கு அதற்கு வயிறாரத் தீனி போடுவதும், தேதி தவறாமல் ஆண்களைப் பிரிப்பதும்தான். குட்டியை இழப்பவர்களைவிட, தேதியைத் தவறவிட்டு எழுபது எலியோடு நிற்பவர்கள்தான் அதிகம். அதனால் முதல் வேலையாக ஒரு காலண்டரையும் பேனாவையும் எடுத்து வையுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடையில் 'வெள்ளை எலி' என்று இரண்டு விலங்குகளை விற்கிறார்கள். முழு வளர்ச்சியில் 25 முதல் 40 கிராம் மட்டுமே இருப்பது வெள்ளைச் சுண்டெலி. கால் கிலோவைத் தாண்டி, உள்ளங்கையை நிரப்புவதுதான் எலி. இங்கே சொல்வது எலிக்கு. சுண்டெலிக்கு நாள் கணக்கும் பால் அளவும் வேறு.

1. ஆணை இன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள்

குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் அதே கூண்டில் இருந்தால், முதல் ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கத் தொடங்கும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதற்கு இதில் இடமே இல்லை. எலிகள் சேர்வதற்குச் சில நொடிகள் போதும்.

பிரித்த கூண்டுகளை ஒட்டி வைக்காதீர்கள். கம்பி இடைவெளி வழியாகவே காரியம் முடிந்துவிடும். நடுவே இரண்டு அடியாவது விடுங்கள். ஆணுக்குத் தனிமை பிடிக்காதுதான். தினமும் அரை மணி நேரம் கையில் எடுத்துக் கொஞ்சுங்கள். மகன்கள் பெரிதானதும் அதற்குத் துணை கிடைத்துவிடும்.

பிரசவம் நடந்தபோது ஆண் கூடவே இருந்தது என்றால் இரண்டாவது ஈற்று வருவதாகவே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். சாதாரணமாகச் சினைக்காலம் 21 முதல் 23 நாள். பால் கொடுக்கும் தாய்க்குக் கரு கருப்பையில் பதிவது தள்ளிப்போகும்; ஆகவே இந்தக் கணக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீளலாம். '23 நாள் ஆகிவிட்டது, தப்பித்தோம்' என்று இங்கே முடிவுகட்ட முடியாது.

2. இன்னும் போடவில்லை, ஆனால் சந்தேகம் என்றால்

பெண் எலியை வாங்கி வந்த தேதியிலிருந்து 23 நாள் எண்ணுங்கள். ஆண் வாடையே இல்லாமல் அந்த நாள் கடந்துவிட்டால் கவலை இல்லை. வயிறு வெளியில் தெரிவது கடைசி வாரத்தில்தான். மேலிருந்து பார்த்தால் விலா முடியும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் பேரிக்காய் போலப் பிதுங்கும். சினையாகிக் கிட்டத்தட்ட 14-ஆம் நாளில் வயிற்று முடி விலகிப் பால்காம்புகள் தெரியத் தொடங்கும். மொத்தம் 12 காம்புகள். வெறும் கொழுப்பு என்றால் காம்பு தெரியாது, உடம்பும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பருக்கும்.

வயிற்றை அமுக்கிக் குட்டி எண்ணிப் பார்க்காதீர்கள். எண்ணிக்கை எப்படியும் எட்டிலிருந்து பதினான்குக்குள் வரும், இருபதும் நடக்கும்.

3. பெட்டி

கம்பிக் கூண்டு குட்டிகளுக்கு உதவாது. மூன்றாவது வாரத்தில் அவை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தலையை நுழைத்துப் பார்க்கும்; தலை போனால் உடம்பும் போய்விடும். தட்டுள்ள கூண்டில் இன்னொரு ஆபத்து உண்டு. தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேல் தட்டுக்கு ஏறும், அங்கிருந்து குட்டி தவறி விழும்.

பாத்திரக் கடையில் கிடைக்கும் 50, 60 லிட்டர் பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் பாக்ஸ் போதும். மூடியின் நடுவே பெரிதாக வெட்டி எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் விற்கும் கால் இஞ்ச் கண் கொண்ட வெல்ட் மெஷ்ஷை வைத்து, நாலு பக்கமும் நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். கேபிள் டை போட்டால் கடித்துத் துண்டாக்கிவிடும். பக்கவாட்டிலும் இரண்டு ஜன்னல் வெட்டினால்தான் காற்று ஓடும். மேலே மட்டும் திறந்த பெட்டியில் மூத்திர வாடை தேங்கி நிற்கும். அந்த அம்மோனியா எலியின் நுரையீரலுக்கு எதிரி.

தரையில் விரிக்க: வாசனை சேர்க்காத டிஷ்யூ அல்லது டாய்லெட் பேப்பரை விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, நாலு விரல் உயரத்துக்குக் குவித்துவிடுங்கள். கூட்டைத் தாய் தானே கட்டிக்கொள்ளும். மரப்பட்டறைத் தூள் வேண்டாம். தூசி, எந்த மரம் என்றும் தெரியாது. பஞ்சும் நூல் பிரியும் பழைய துணியும் கூடவே கூடாது. இழை குட்டியின் காலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துவிடும்.

நம் ஊரில் பெட்டியைவிட முக்கியமானது பெட்டி நிற்கும் இடம். எறும்பு. பிரசவ ரத்த வாடைக்கும் சிந்திய முட்டைக்கும் இரவோடு இரவாக வரிசை கட்டி வரும். கண் திறக்காத குட்டியால் நகரக்கூட முடியாது. பெட்டியை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பாட்டிமார் மாவடுச் சட்டிக்குச் செய்யும் அதே வேலைதான். ஸ்டூல் சுவரில் உரசக்கூடாது, திரைச்சீலை தொங்கி மேலே படக்கூடாது. எறும்புச் சாக்பீஸ், கொசுவத்தி, ஃபினாயில், பாச்சை உருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

வெயில் கணக்கு கொஞ்சம் சிக்கல். பிறந்த குட்டிக்கு உடம்புச் சூட்டைத் தானாகக் காக்கத் தெரியாது, கூட்டுக்குள் 30 டிகிரிக்கு மேல் கதகதப்பு வேண்டும். தாய்க்கோ அறை 32 டிகிரியைத் தாண்டினாலே மூச்சிரைக்கும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: பெட்டியின் ஒரு மூலையில் கூடு, எதிர் மூலையில் வெளிப்பக்கமாக, துண்டு சுற்றிய ஐஸ் தண்ணீர் பாட்டில் ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தாய்க்குப் புழுக்கமானால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். ஃபேன் காற்று நேராகக் கூட்டில் விழ வேண்டாம்.

4. பிரசவ நாள்

பெரும்பாலும் ராத்திரியில் அல்லது விடியற்காலையில். தாய் உடம்பை நீளமாக இழுத்து, விலாவை உள்வாங்கி முக்கும். பிறப்புறுப்பில் லேசாக ரத்தம் தெரியும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நஞ்சுக்கொடியைத் தின்னும், செத்துப் பிறந்த குட்டியையும் தின்னலாம். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் அது இயல்பு, கூட்டைச் சுத்தமாக வைக்கும் வழி. நடுவில் கையை விடாதீர்கள்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம் இவை: மூன்று மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை, ஒரு குட்டி பாதியில் சிக்கி நிற்கிறது, சிவப்பு ரத்தம் நிற்காமல் கசிகிறது, தாய் குளிர்ந்து சோர்ந்து குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசிவது ரத்தம் அல்ல. அது போர்ஃபிரின் என்ற நிறமி. களைப்பையும் சளியையும் காட்டும் அறிகுறி.

எல்லாக் கால்நடை மருத்துவரும் எலி பார்ப்பதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். சினை என்று தெரிந்த அன்றே நாலு பேருக்கு போன் போட்டு 'எலிக்கு வைத்தியம் பார்ப்பீர்களா' என்று கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மற்ற பக்கங்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் என்று விசாரிக்கத் தொடங்கலாம்.

5. தாய்க்குத் தீனி

சாதாரணமாகப் பெரிய எலி ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் உலர்தீனி தின்னும். பால் கொடுக்கும்போது இது இரண்டு, மூன்று மடங்காகும். தட்டு காலியாக இருக்கவே கூடாது. குட்டிகள் மெலிவதற்குப் பாதிக் காரணம் தாய்க்குத் தீனி போதாததுதான்.

அடிப்படைத் தீனியாக எலிப் பெல்லட் கிடைத்தால் நல்லது. கிடைக்காத ஊரில் நாய்க்குட்டிகளுக்கான தரமான உலர்தீனியை இந்த நாலு வாரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். இந்த அடிப்படைத் தீனியோடு கூடவே தினமும் அவித்த முட்டையில் கால் பங்கு, அல்லது உப்பில்லாமல் அவித்த கோழி ஒரு துண்டு. குழைத்த சாதமும் வெந்த பருப்பும், கேழ்வரகுக் கூழ், பொட்டுக்கடலை, கேரட், கொஞ்சம் கீரை எல்லாம் ஏற்றவை. மதியச் சாப்பாட்டில் உப்பு, காரம் சேர்ப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் வேலை முடிந்தது.

வேகாத மொச்சை, ராஜ்மா, முளைவிட்ட உருளைக்கிழங்கு, சாக்லேட், கருவாடு வேண்டாம். சோடா, குளிர்பானம் வேண்டவே வேண்டாம். எலிக்கு ஏப்பம் விடவும் தெரியாது, வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது உள்ளேதான்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். முனையில் குண்டு உருளும் கூண்டு பாட்டில் ஒன்று மாட்டுங்கள். தாய் ஒரே நாளில் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு குடிக்கும். காலையும் மாலையும் குண்டை விரலால் அமுக்கித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், அது அடைத்துக்கொள்வது சகஜம்.

6. முதல் இரண்டு வாரம்

முதல் 24 மணி நேரம் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். மறுநாள் தாயை வாசனையான ஏதாவது தீனி காட்டி வெளியே எடுத்து, வேறு பெட்டியில் பத்து நிமிடம் விட்டுவிட்டுக் கூட்டைத் திறங்கள். தாய் உள்ளே இருக்கும்போது கை விடாதீர்கள். உங்களிடம் கொஞ்சிக் குலாவிய எலிகூட அன்றைக்குக் கடிக்கும்.

'மனுசக் கை பட்டால் தாய் தின்னுடும்' என்று வருகிற எல்லோரும் சொல்வார்கள். உங்கள் கைக்குப் பழகிய எலி அப்படிச் செய்வதில்லை. பயம், பசி, இடைவிடாத தொந்தரவு, நோய்ப்பட்ட குட்டி ஆகியவைதான் காரணம். கையைச் சோப்பால் கழுவி, கூட்டுத் தாளில் தடவிக்கொண்டு தொட்டால் போதும்.

இப்போது பார்க்க வேண்டியது ஒரே ஒரு அடையாளம். குட்டி உங்கள் சுண்டுவிரலின் மேல் இரண்டு கணு நீளம் இருக்கும். எடை 5 முதல் 7 கிராம். தோல் கண்ணாடி மாதிரி. அதை உள்ளங்கையில் மல்லாத்தி வெளிச்சத்தில் காட்டுங்கள். இடப்பக்கம் விலாவுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே வெள்ளையாக ஒரு பட்டை தெரிய வேண்டும். இரைப்பையில் நிறைந்திருக்கும் பால்தான் அது. பட்டை இருந்தால் குட்டி பிழைக்கும் என்று தாராளமாக நம்பலாம். பிறந்து ஒரு நாளாகியும் எந்தக் குட்டியிலும் பட்டை இல்லை என்றால் தாய்க்குப் பால் இறங்கவில்லை, அன்றே மருத்துவர். ஒன்றிரண்டில் மட்டும் இல்லை என்றால் கொழுத்த குட்டிகள் நெருக்கித் தள்ளுகின்றன. கொழுத்ததில் பாதியை ஒரு டப்பாவில், துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலோடு கதகதப்பாக வைத்து, அரை மணி நேரம் சோனிகளைத் தாயோடு தனியே விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை இப்படிச் செய்தால் பல தேறிவிடும். வெந்நீர்ப் பாட்டில் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சும், அதைக் கவனியுங்கள்.

இந்தப் பால் பட்டை முதல் வாரம் முடியும்போது முடிக்குள் மறைந்துவிடும். அதன்பிறகு தராசுதான் கண். நகைக்கு வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் காட்டுவது, ஒன்று வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். தோராயமாக ஒரு வாரத்தில் 14, 15 கிராம். இரண்டு வாரத்தில் 25 முதல் 30. மூன்று வாரத்தில் 40 முதல் 50. ஈற்றில் குட்டி அதிகம் என்றால் இதைவிடக் குறையும், அது பரவாயில்லை. ஏறாமல் ஒரே இடத்தில் நின்றாலோ இறங்கினாலோதான் கவலைப்பட வேண்டும்.

மற்றதெல்லாம் தானாக நடக்கும். மூன்று நாலு நாளில் காது மடல் பிரியும். ஒரு வாரத்தில் வெல்வெட் மாதிரி முடி. எட்டிலிருந்து பத்து நாளுக்குள் முன்பல். 13 முதல் 15 நாளில் கண். 16 நாளாகியும் ஒட்டியிருக்கும் கண்ணை, ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடையுங்கள், விரலால் பிரிக்காதீர்கள்.

செத்த குட்டி ஏதாவது கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குட்டி சிதறிக் கிடந்தால் கலவரப்பட வேண்டாம், தாய் திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் சேர்க்கும். தாயின் காம்பு ஒன்று கல் மாதிரி இறுகி, சிவந்து, தொட்டால் சுடுகிறதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். அது மடிநோய், மருந்து வேண்டும்.

முதல் ஒரு வாரம் கூட்டை முழுக்கச் சுத்தம் செய்யாதீர்கள். நனைந்த மூலையை மட்டும் அள்ளிப் புதுத் தாள் போடுங்கள். அதன்பிறகும் பழைய கூட்டில் ஒரு பிடியை விட்டுவைத்தால்தான் தாய்க்குத் தன் வீடு அடையாளம் தெரியும்.

7. ஆணா பெண்ணா என்று பார்ப்பது

எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது, கடைக்காரர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். மூன்று தடவை பார்க்க வேண்டும்.

முதல் தடவை, ஐந்து நாளுக்குள். குட்டியின் வாலை மெல்லத் தூக்கி, மூத்திரத் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆணுக்கு அது பெண்ணுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு குட்டியைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இரண்டை அருகருகே பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரண்டாம் தடவை, ஒன்பது பத்து நாளில். இதுதான் உறுதியானது. வயிற்று முடி அடர்வதற்கு முன் பெண் குட்டிகளில் இரண்டு வரிசையாகக் காம்புப் புள்ளிகள் தெரியும். ஆண் எலிக்குக் காம்பே கிடையாது. இந்த வாய்ப்பு மூன்று நாலு நாளுக்குத்தான், பிறகு முடி மூடிவிடும். போனில் ஒவ்வொரு குட்டியின் வயிற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் தடவை, நாலாவது வாரத்தில். ஆணுக்கு வாலடியில் விதைப்பை துருத்தும். குளிரிலும் பயத்திலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் 'இல்லையே' என்று அவசரப்பட்டுப் பெண்கள் பெட்டியில் போடாதீர்கள். கதகதப்பான நேரத்தில் இன்னொரு தடவை பாருங்கள்.

எல்லாம் வெள்ளையாக இருந்தால் அடையாளத்துக்கு, வாலில் உணவு நிறமியால் புள்ளி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். பெண்ணுக்கு ஒரு நிறம், ஆணுக்கு ஒரு நிறம்.

8. கண் திறந்ததிலிருந்து ஐந்தாவது வாரம் வரை

15 நாளுக்கு மேல் தாயின் தீனியைக் கொறிக்க வரும். உப்பும் சர்க்கரையும் சேர்க்காத கஞ்சியைத் தட்டையான மூடியில் மெல்லிசாகத் தடவி வையுங்கள். ஆழமான கிண்ணத்தில் வைத்தால் குட்டி உள்ளேயே இறங்கி நின்று, நனைந்து, சளி பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் அதற்குள் புளிக்கும். தண்ணீர் பாட்டில் முனையைத் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு இறக்குங்கள்.

18 நாளிலிருந்து பெட்டியைத் திறக்கும்போது எச்சரிக்கை. சட்டியில் பொரி பொரிவதைப்போல நாலா பக்கமும் துள்ளும். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியைத் தரையில் வைத்துத்தான் திறக்க வேண்டும். பீரோவுக்கு அடியில் புகுந்தால் ஒரு நாள் வேலை.

கையில் பழக்க இதுதான் நேரம். தினமும் ஒவ்வொரு குட்டிக்கும் ஐந்து நிமிடமாவது. இரண்டிலிருந்து ஐந்து வாரத்துக்குள் மனிதக் கை பழகாத குட்டியை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், வால் தோல் உரிந்து வந்துவிடும்.

21 நாளில் தீனி தின்னத் தொடங்கிவிட்டது என்று தாயிடமிருந்து பிரித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். 28 நாள் வரை பால் குடிக்கட்டும்.

9. ஆண்களைப் பிரிக்கும் நாள்

ஐந்து வாரத்தில் குட்டிக்குக் குட்டி போடும் வயது வந்துவிடும். அக்கா தம்பி, தாய் மகன் என்ற வேறுபாடு எலிக்குக் கிடையாது. நாலரை வாரத்தில் பிரிப்பது பாதுகாப்பு. 35-ஆம் நாள் கடைசி எல்லை. மார்ச் 1 பிறந்தது என்றால் ஏப்ரல் 1 வாக்கில் பிரிக்கலாம், ஏப்ரல் 5-ஐத் தாண்டவே கூடாது. பிறந்த அன்றே காலண்டரில் இந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, போனிலும் அலாரம் வையுங்கள்.

தவறினால் என்ன ஆகும்? ஆறு பெண் குட்டிகளும் தாயும் சினையானால், ஒன்றுக்குப் பத்து என்று வைத்தாலும் எழுபது. அந்தச் சின்ன வயதில் சினையாகும் குட்டிகளில் பிரசவச் சிக்கலும் அதிகம்.

பெண்கள் தாயோடு இருக்கட்டும். ஆண்கள் எல்லாம் சேர்ந்து வேறு பெட்டியில். பிரித்த பிறகு ஒரு தடவை எல்லாவற்றின் வாலையும் தூக்கிப் பாருங்கள். பெண்கள் பெட்டியில் தப்பி நின்ற ஒரே ஒரு ஆண் போதும். தகப்பனோடு மகன்களைச் சேர்ப்பதற்கு ஏழு எட்டு வாரம் ஆகட்டும். சின்னக் குட்டியைப் பெரிய ஆண் கடித்துக் கொன்றுவிடலாம். சேர்க்கும்போது இருவருக்கும் புதிதான இடத்தில், உங்கள் கண் முன்னால் செய்யுங்கள்.

10. தாய் செத்துவிட்டால், அல்லது பாலே இல்லை என்றால்

முதலில் வேறு ஏதாவது தாய் எலி அதே வாரத்தில் குட்டி போட்டிருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். வளர்ப்புத் தாய் கிடைத்தால் அதைப்போல வேறில்லை. அதன் கூட்டுத் தாளில் குட்டிகளைப் புரட்டிச் சேர்த்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கிடைக்காவிட்டால் கைப்பால். ஒரு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளில் பெரும்பாலானவை கைப்பாலில் தங்குவதில்லை. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் சூடு, பிறகு பால். குளிர்ந்த குட்டிக்குச் செரிமானம் நின்றிருக்கும். பால் ஊற்றினால் உள்ளே கெட்டுப்போகும். முதல் வாரம் பெட்டிக்குள் 32 முதல் 35 டிகிரி, அடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் கையால் மதிப்பிடாதீர்கள். சூடு பெட்டியின் பாதியில் மட்டும் இருக்கட்டும், அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

பசும்பால், பாக்கெட் பால் கூடாது, கழியும். கடையில் கிடைக்கும் நாய்க்குட்டி அல்லது பூனைக்குட்டிப் பால் பவுடரை டப்பாவில் சொன்ன அளவில் கரைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 5 கிராம் குட்டிக்கு ஒரு தடவைக்கு 0.2 முதல் 0.25 மி.லி. இரைப்பை அவ்வளவுதான் கொள்ளும். எடை ஏற ஏற இதே விகிதத்தில் கூட்டுங்கள். முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும். இரண்டாம் வாரம் மூன்று மணிக்கு, மூன்றாம் வாரம் நாலு மணிக்கு. இருவர் முறை வைத்து விழித்தால்தான் முடியும்.

ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சைவிட, புதிதாக வாங்கிய மெல்லிய பெயின்ட் பிரஷ் நல்லது. பாலில் தோய்த்து உதட்டில் வைத்தால் குட்டி நக்கிக்கொள்ளும். குட்டி குப்புற, தலை சற்று மேலாக இருக்கட்டும், மல்லாத்தி ஊட்டாதீர்கள். மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். நுரையீரலில் பால் போவதுதான் கைப்பால் குட்டிகளைக் கொல்லும் முதல் காரணம்.

ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றிலிருந்து வால் பக்கமாகத் தடவிவிடுங்கள், மூத்திரம் வரும் வரை. கண் திறக்கும் வரை அவற்றால் தாமாகப் போக முடியாது, தாய் நக்கித்தான் போகவைக்கும். இதை மறந்தால் பால் ஊட்டியதும் வீண்.

11. செலவு

விலை கடைக்குக் கடை மாறும், தோராயக் கணக்கு இது. பெட்டி ஒன்றுக்கு 600 முதல் 900 ரூபாய். ஆண்களுக்கு ஒன்று என்று இரண்டாகக் கணக்கிடுங்கள். வெல்ட் மெஷ், போல்ட் 200. தராசு 300 முதல் 500. தண்ணீர் பாட்டில் இரண்டு 300. ஆறு வாரத் தீனி, முட்டை, டிஷ்யூ எல்லாம் சேர்த்து 1,500 முதல் 2,000. கைப்பால் என்றால் பவுடர் டப்பா தனி. தனியார் மருத்துவரிடம் போக நேர்ந்தால் அதற்கென்று 1,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். எலிக்கு ஐந்து ரூபாய்த் தீனி போதும் என்று நினைத்து இறங்கியவர்கள் நாலாவது வாரத்தில், தீனியில் கை வைப்பார்கள். குட்டிகள் வேகமாக வளரும் வாரமும் அதுவேதான்.

12. குட்டிகளைக் கொடுப்பது

ஆறு வாரம் ஆகட்டும். மார்ச் 1 குட்டிகளுக்கு அது ஏப்ரல் 12. ஆனால் ஆள் தேடுவதை மூன்றாவது வாரத்திலேயே தொடங்குங்கள். ஒற்றையாகக் கொடுக்காதீர்கள், எலி கூட்டமாக வாழும் விலங்கு. ஒரே பால் குட்டிகள் இரண்டு இரண்டாகத்தான். வாங்குபவரிடம் வீட்டில் வேறு எலி இருக்கிறதா, அது ஆணா பெண்ணா என்று கேளுங்கள். வீட்டில் ஆண் இருக்கும் ஆளிடம் உங்கள் பெண் குட்டியைக் கொடுத்தால் இந்தக் கட்டுரையை அவருக்கும் அனுப்ப வேண்டியிருக்கும்.

'மொத்தமாக எடுத்துக்கிறேன்' என்று விலை பேசாமல் கேட்பவர் பாம்புக்கோ பெரிய மீனுக்கோ இரையாக வாங்கலாம். அதில் உங்களுக்குச் சம்மதமா என்பது உங்கள் முடிவு. தெரியாமல் நடக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்வது.

வயலிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடலாம் என்ற யோசனை வேண்டாம். பல தலைமுறையாகக் கூண்டில் பிறந்த வெள்ளை எலி, காகத்தின் கண்ணில் பட எடுக்கும் நேரம்தான் உயிரோடு இருக்கும். பட்டினி கிடந்து வதைபடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் எலியையும் செல்லப்பிராணிப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. குட்டிகளை விற்பதையே தொழிலாக்கினால் பதிவு வேண்டும். ஒரு ஈற்றைத் தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பது வேறு கணக்கு.

அக்கம்பக்கத்தில் முதலில் வரும் வார்த்தை 'எலிக்காய்ச்சல்'. சாக்கடை எலி நெருங்காத வளர்ப்பு எலிகளிடம் ஆபத்து குறைவு என்றாலும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். கடித்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி டாக்டரைப் பாருங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கூண்டு தனி அறையில்.

குட்டியோடு ஒரு தாளும் கொடுத்து அனுப்புங்கள்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, யார் எப்போது பார்த்து உறுதி செய்தது, கடைசி எடை, என்ன தீனி பழகியிருக்கிறது, மருந்து ஏதாவது கொடுத்திருந்தால் அதன் பெயரும் அளவும். பழைய தீனியில் ஒரு வாரத்துக்கானதை ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் புது வீட்டில் வயிறு கெடாது. உங்கள் பிரதியில் வாங்கியவர் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து 'இதுக்கு விதைப்பை தெரியுதே' என்று போன் வந்தால், அதே பெட்டியிலிருந்து வேறு யார் யாருக்குக் குட்டி போனது என்று உடனே பார்த்துச் சொல்ல அந்தத் தாள்தான் உதவும்.